என் விரலால் ஒரு 'ஆம்'

பார்க்கின்சன் நோய்க்காரன் குணமான பிறகு எழுதலாம் என்று காத்திருக்க முடியாது. மாத்திரை வேலை செய்கிற பொழுதில் எழுதலாம். காலை மாத்திரை உடம்பில் ஏறி, விறைப்பு தளர்ந்து, அடுத்த மாத்திரைக்கு முன் மறுபடி இறுகத் தொடங்கும் வரை உள்ள இடைவெளியில் இதை எழுதிக்கொண்டு வருகிறேன். சில நாள் ஒரு பத்தி, சில நாள் இரண்டே வரி. இதே நோயில் இருப்பவர்களும், அதைவிட முக்கியமாக அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

என் பெயர் செங்கோட்டுவேல். திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் ஸ்டோர் பொறுப்பில் இருந்தேன். எந்த போல்ட் எந்த அலமாரியில், எந்த ரப்பர் வளையம் எந்தப் பெட்டியில் என்பது கண்ணை மூடினாலும் தெரியும். தினமும் டைரி எழுதுவது பள்ளிக்கூடத்தில் தொடங்கிய பழக்கம். நோயை முதலில் காட்டியது அந்த டைரிதான். ஒரு வருடக் கடைசியில் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஜனவரியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிறைந்து நின்ற என் எழுத்து, டிசம்பரில் எறும்பு வரிசைபோலச் சுருங்கியிருந்தது. பேனாவை மாற்றினேன், கண்ணாடியை மாற்றினேன். எழுத்து பெரிதாகவில்லை.

நடக்கும்போது வலது கை வீசாமல் விலாவோடு ஒட்டிக்கிடப்பதை என் மனைவி சாந்தாமணி கண்டுபிடித்தாள்.

"ஏனுங்க, அந்தக் கை மட்டும் என்னத்துக்குக் கோவிச்சுக்கிட்டு நிக்குது?" என்றாள்.

சேலத்தில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் போனோம். இந்த நோயை ரத்தத்தில் பார்த்துச் சொல்ல முடியாது. ஆளைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விடாமல் தட்டச் சொன்னார். நடந்துபோய்த் திரும்பி வரச் சொன்னார். பின்னால் நின்று தோளைப் பிடித்து இழுத்தார். நான் சாயாமல் நிற்கிறேனா என்று பார்க்கத்தான். பிறகு உட்காரவைத்து விளக்கினார். மூளையின் அடிப்பகுதியில் சில செல்கள் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. நாம் நினைத்ததைக் கைகால்கள் தடையில்லாமல் செய்வதற்கு அது வேண்டும். அந்தச் செல்கள் அழிந்துகொண்டே போவதுதான் இந்த நோய். அழிந்தது திரும்பாது. குறைந்த ரசாயனத்தை மாத்திரையால் ஈடுகட்டலாம், அதுவும் கொஞ்ச காலத்துக்கு நன்றாக, அப்புறம் சுமாராக. கிரீஸ் வற்றிய பேரிங் என்று நான் என் மொழியில் புரிந்துகொண்டேன். பேரிங்கை மாற்றலாம். இதை மாற்ற முடியாது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

அதன்பின் சில வருடங்கள் மாத்திரையோடு ஓடின. கடைக்குப் போவது நின்றது. முதலாளி நாற்காலியை அப்படியே வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார். சாந்தாமணி என் சட்டைகளின் பித்தான்களைப் பிரித்து, வெளியே அலங்காரத்துக்குத் தைத்துவிட்டு, உள்ளே அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டையை வைத்தாள். பார்க்கிறவர்களுக்கு நான் பித்தான் போட்டுக்கொண்டதுபோலத்தான் தெரியும்.

இனிச் சொல்லப்போவது சேலம் ஆஸ்பத்திரி அனுப்பிய படிவத்தைப் பற்றி.

வாரம் ஒருமுறை போனுக்கு ஓர் இணைப்பு வரும். தொட்டால் படிவம் திறக்கும். நடுக்கம் எப்படி, தூக்கம் எப்படி, விழுந்தீர்களா, சாப்பாட்டை விழுங்க முடிகிறதா என்று கேள்விகள் வரிசையாக வரும். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: 'அங்கே இல்லாத ஆட்களோ பிராணிகளோ உங்கள் கண்ணுக்குத் தெரிகிறார்களா?' ஆம், இல்லை என்று இரண்டு சின்னக் கட்டங்கள். இந்தப் பதில்களைப் பார்த்துத்தான் மருத்துவர் மாத்திரையைக் கூட்டுவார் அல்லது குறைப்பார்.

நானே நிரப்பத்தான் முதலில் முயன்றேன். திறப்பதற்கு ஒரு ரகசிய எண் வரும், அதை அடிக்க வேண்டும். ஓர் எண்ணைத் தொட்டால் இரண்டு விழும். அழித்துவிட்டுத் திரும்ப அடிப்பதற்குள் 'நேரம் முடிந்தது' என்று வந்துவிடும். விரல்ரேகையை வைத்துத் திறக்கலாம் என்றார்கள். விரல் ஓரிடத்தில் நின்றால்தானே ரேகை பதியும்? வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்ளும் என்றார்கள். இந்த நோய் குரலையும் தின்றுவிடும். நான் சத்தமாகப் பேசுவதாக நினைப்பது எதிரே இருப்பவருக்கு முணுமுணுப்பாகத்தான் கேட்கும். போனுக்கு அதுவும் கேட்கவில்லை. கடைசியில் சாந்தாமணியின் எண்ணைப் பதிவு செய்துகொடுத்தோம். படிவம் அவள் போனுக்கு வரும். நான் சொல்ல வேண்டும், அவள் அமுக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

எங்கள் பக்கம் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் 'போறேன்' என்று சொல்வதில்லை, 'வாரேன்' என்றுதான் சொல்வார்கள். விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டார்கள், குளிர வைக்கச் சொல்வார்கள். கெட்டதை வாயில் வைக்கக்கூடாது. சாந்தாமணி இதில் மற்றவர்களைவிடக் கண்டிப்பானவள். படிவத்திலும் அதையே கடைப்பிடித்தாள்.

"விழுந்தீங்களான்னு கேக்குது. இல்லைன்னு போடறேன்."

"குளியலறை வாசல்ல விழுந்தேனே, சாந்தா."

"அது விழுந்ததுங்களா? சறுக்குனது. நான்தான் புடிச்சுட்டனே."

"டாக்டருக்குத் தெரியணுமில்ல."

"டாக்டருக்குன்னாலும் எழுதுனா எழுதுனதுதானுங்க. கெட்டதக் கைப்பட எழுதி வெச்சா, அது விலாசம் விசாரிச்சுக்கிட்டு ஊட்டுக்கு வந்துரும்."

இதை நான் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் என் கண்ணுக்கு யாரும் தெரிந்ததில்லை.

அந்த ஆள் வரத் தொடங்கியது பிறகு. சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பான். பாறையைத் துளைக்கும்போது காற்றோடு கிளம்பும் கல்தூள் ரிக் வேலைக்காரர்களைத் தலைமுதல் கால்வரை வெள்ளையாக்கிவிடும். கண் மட்டும் கறுப்பாகத் தெரியும். அப்படி ஒருவன். கடையில் அப்படி எத்தனையோ பேர் என் எதிரே வந்து நின்று சாமான் கேட்டிருக்கிறார்கள். இவன் எதுவும் கேட்பதில்லை. எழுந்து போகும்போது விரிப்பில் தூள் இருக்காது. அதை வைத்துத்தான் அவன் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

சாந்தாமணியிடம் சொன்னேன். அன்றைய படிவத்தின் கடைசிப் பக்கம் வந்தபோது, "ஆம்னு போடு" என்றேன். அவள் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, 'இல்லை'யை அமுக்கினாள்.

மருத்துவர் தன் திரையைப் பார்த்தார். "மத்ததெல்லாம் நல்லா இருக்கே. நடுக்கம் மட்டும்தான் குறையல" என்று மாத்திரையைக் கூட்டினார். அவர்மேல் தப்பில்லை. இந்த மாத்திரைகளில் சில, அளவு கூடினால் இல்லாததைக் காட்டும் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று இருந்திருந்தால் அவர் கூட்டியிருக்க மாட்டார். நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். சொன்னேன். மருத்துவர் என் உதட்டைப் பார்த்துவிட்டுச் சாந்தாமணியைப் பார்த்தார். "தூக்கம் சரியில்லீங்கறாருங்க" என்றாள் அவள்.

ஒரு சாயங்காலம் கட்டிலருகே குனிந்தவனை அவன் என்று நினைத்து இரண்டு கையாலும் தள்ளினேன். விழுந்தவள் சாந்தாமணி. அரிசிமாவு சலித்துக்கொண்டிருந்தவள், போர்வையைச் சரிசெய்ய வந்திருக்கிறாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் பாத்ரூமில் வழுக்கிவிட்டதாகச் சொன்னாள். அந்த வாரம் இடது கையால் படிவத்தை நிரப்பினாள். கடைசிப் பக்கத்தில் 'இல்லை' என்று போட்டாள்.

இந்த நிலையில்தான் அறுவை சிகிச்சைப் பேச்சு வந்தது. மூளைக்குள் இரண்டு மெல்லிய கம்பிகளை இறக்கி, நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு சிறு மின்கருவியைப் புதைப்பார்கள். அது விடாமல் தரும் மின்துடிப்பு நடுக்கத்தையும் விறைப்பையும் அடக்கும். நோயைப் போக்காது. ஆனால் சட்டை போடலாம், சிந்தாமல் சோறு அள்ளித் தின்னலாம், சிலர் சைக்கிள்கூட ஓட்டுகிறார்களாம். செலவை இங்கே எழுதவில்லை. சாந்தாமணியின் அண்ணன் தன் ரிக் வண்டியை விற்றுத் தருவதாகச் சொன்னார் என்பது போதும்.

சிகிச்சைக்கு முன் சேலம் ஆஸ்பத்திரியில் தங்கிப் பல சோதனைகள் செய்ய வேண்டும். சேர்வதற்கு முன் நோயாளிகளையும் குடும்பத்தாரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்து மருத்துவர் பேசினார். ஞாபகம் குழம்பியவர்களுக்கும், இல்லாத காட்சி தெரிகிறவர்களுக்கும் இந்த அறுவை சிகிச்சை ஆபத்து, குழப்பம் அதிகமாகலாம், சிலருக்கு அது திரும்பாமலே போகலாம் என்றார். நான் கேட்டேன். சாந்தாமணியும் கேட்டாள். வெளியே காத்திருந்தபோது பக்கத்தில் ஜலகண்டாபுரத்து அம்மா ஒருத்தி, தன் கணவருக்குச் சிகிச்சை முடிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எல்லாஞ் செரியா வந்தாத்தாங்க கத்தி வெப்பாங்க. கண்ணுக்கு ஆளு தெரியுதுன்னு மட்டும் சொன்னீங்க, பொட்டியக் கட்டுன்னு அனுப்பீருவாங்க."

சாந்தாமணி என் பக்கம் திரும்பவில்லை. என் முழங்கையைப் பிடித்திருந்த பிடி மட்டும் இறுகியது. அதுவரை அவள் 'இல்லை' போட்டது பழக்கத்தால். அன்றிலிருந்து காரணத்தோடு போட்டாள். எனக்கு அவள் காரணம் புரிந்தது. 'ஆம்' போடச் சொல்ல எனக்கும் ஒரு காரணம் இருந்தது. இருக்கிற புத்தியும் போய்விட்டால் அடுத்த தடவை அவளை எங்கே தள்ளுவேன்? அடுப்படியிலா, மாடிப்படியிலா?

நாங்கள் சேர்ந்த அறையில் இன்னொரு கட்டில் இருந்தது. அதில் ரஹீம் பாய். சேலம் கடைவீதியில் ஜவுளி வியாபாரம். அவருக்கு நடுக்கம் குறைவு, ஆனால் நடக்கும்போது கால் திடீரென்று தரையில் ஒட்டிக்கொள்ளும். வாசல்படி வந்தால் நின்றுவிடுவார்.

"பாருங்க வேலு, நாப்பது வருசம் வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிட்டேன்ல. இப்ப வாசல் என்ன விட மாட்டேங்குது" என்பார். அவர் மகன் கொண்டுவரும் இடியாப்பத்தில் பாதி என் தட்டுக்கு வந்துவிடும்.

சோதனைகளில் கொடியது மாத்திரையை நிறுத்திப் பார்ப்பது. முந்தின நாளே மருந்தை நிறுத்திவிடுவார்கள். காலையில் வெறும் உடம்போடு எவ்வளவு முடிகிறது என்று பார்த்துவிட்டு, மாத்திரை கொடுத்து அதன்பின் எவ்வளவு முடிகிறது என்று பார்ப்பார்கள். அந்தக் காலையில் நான் ஒரு மரக்கட்டை. புரண்டு படுக்க முடியவில்லை. கண் சிமிட்டுவதுகூட யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. கால்விரல்கள் தானாக மடங்கி வலித்தன. வண்டியிலிருந்து இரும்புக் குழாயை இறக்கிவைப்பதுபோல இருவர் பிடித்து நிறுத்தினார்கள். மாத்திரை இல்லாமல் நான் யார் என்பதை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். சாந்தாமணியும் பார்த்தாள். மருந்து ஏறி நான் மெல்ல எழுந்து நடந்தபோது அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, முந்தானையால் துடைத்தாள். இந்தப் பெண்ணிடமிருந்து அறுவை சிகிச்சையைப் பறிக்கப்போகிறேனா என்று நினைத்தேன்.

ரெஜினா எங்கள் அறைக்கு வந்தது அதற்கு மறுநாள். ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் படிவங்களை உருவாக்குகிறவர். சேலத்துக்காரர், கழுத்தில் சிறு சிலுவை, கையில் ஒரு பெரிய பலகைபோன்ற திரை.

"பழைய படிவம் கஷ்டமா இருக்குன்னு நிறையப் பேர் சொல்றாங்க. புதுசா ஒண்ணு செஞ்சிருக்கோம். நீங்க நிரப்பிப் பாருங்க, எங்க தடுக்குதுன்னு நான் பக்கத்துல இருந்து பாக்கணும். உங்களுக்குப் பரீட்சை இல்ல சார், எனக்குத்தான் பரீட்சை."

முதலில் ரஹீம் பாய். நடுக்கம் எவ்வளவு என்று கேட்டு, ஒரு கோட்டின்மேல் சின்ன வட்டத்தை இழுத்து நிறுத்தச் சொன்னது திரை. பாய் இழுத்தார். வட்டம் கடைசிக்கு ஓடியது. திரும்ப இழுத்தார். ஆரம்பத்துக்கு வந்து நின்றது.

"அம்மா, இது என்ன பட்டமா? நூலை விட்டா போவுது, இழுத்தா வருது. நடுவுல நிக்க மாட்டேங்குதே!"

ரெஜினா சிரித்தார், ஆனால் எழுதிக்கொண்டார். என் முறை வந்தபோது ஒரே கட்டத்தை நான் இரண்டு முறை தொட்டேன். முதல் தொடுதலில் விழுந்த குறி இரண்டாவதில் அழிந்தது. கை நடுங்கும்போது ஒரு தொடுதல் என்பதே கிடையாது என்று அவரே சொல்லி, அதையும் எழுதிக்கொண்டார்.

"வீட்ல யார் நிரப்புவாங்க?"

"நான்தானுங்க" என்றாள் சாந்தாமணி. "அவரு சொல்லுவாரு, நான் அமுக்குவேன்."

"அவர் சொல்றதையேதானே அமுக்குவீங்க?"

"பின்ன என்னங்க, என்ற சொந்தக் கதையவா எழுதப்போறேன்?"

ரஹீம் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். ரெஜினாவும் சிரித்தார். சாந்தாமணி ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போனாள். நான் ரெஜினாவைக் கையசைத்துக் கூப்பிட்டேன். அவர் காதை என் வாயருகே கொண்டுவந்தார்.

"இதை நான் ஒருத்தனே, யாரும் பாக்காம, நிரப்புற மாதிரி செய்ய முடியுமா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. "முடியணும் சார்" என்றார்.

சில நாள் கழித்து ரெஜினா மீண்டும் வந்தபோது படிவம் மாறியிருந்தது. ஒரு திரைக்கு ஒரே கேள்வி. உள்ளங்கை அகலத்துக்குப் பொத்தான்கள், நடுவே நல்ல இடைவெளி. இழுக்கும் கோடு போய்விட்டது. ஒருமுறை தொட்டபின் கொஞ்ச நேரத்துக்கு அடுத்த தொடுதலைக் கணக்கில் எடுக்காது. நேரம் முடிந்தது என்று துரத்தாது. பாதியில் மாத்திரையின் வேகம் இறங்கிவிட்டால் விட்டுவிட்டு, பிறகு அதே இடத்திலிருந்து தொடரலாம். ரகசிய எண்ணுக்குப் பதில், நாமே தேர்ந்தெடுத்த படங்களைத் தொட்டால் திறக்கும். நான் ஸ்பானர், தேங்காய், மயில் என்று வைத்துக்கொண்டேன். முதல் பக்கத்தில் 'நிரப்புவது யார்?' என்று கேள்வி. 'நானே' என்று தொட்டால் எல்லாக் கேள்வியும் வரும். 'எனக்காக வேறொருவர்' என்றால் சில கேள்விகள் வராது. அவற்றை நோயாளி மட்டும்தான் திறக்க முடியும். பதில் போட்டதும் திரை வெறுமையாகிவிடும். பின்னால் போய் யாரும் பார்க்க முடியாது.

"டாக்டர் மட்டும்தான் பாப்பாரா?" என்று கேட்டேன்.

"டாக்டர் மட்டும்தான் சார்."

சாந்தாமணி குளிக்கப் போயிருந்தாள். ரஹீம் பாய் கேட்காமலே சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தார். திரையைச் சோற்றுத் தட்டு வைக்கும் மேசையில் சாய்த்துவைத்து ரெஜினா வாசலுக்கு வெளியே போய் நின்றார். ஒவ்வொரு பக்கமாக வந்தேன். விழுந்தீர்களா? ஆம். விழுங்கச் சிரமமா? ஆம். என் நோயை நானே சொல்வது, பல வருடங்களுக்குப்பின் என் கையெழுத்தைப் போடுவதுபோல இருந்தது. கடைசிக் கேள்வி வந்தது. கை எப்போதையும்விட அதிகமாக ஆடியது. பயம் நடுக்கத்தைக் கூட்டும், இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அறுவை சிகிச்சை முடிந்து சாந்தாமணியோடு பஸ் ஏறுவதை ஒருமுறை நினைத்துக்கொண்டேன். சைக்கிளை நினைத்துக்கொண்டேன். பிறகு இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, 'ஆம்' என்பதன்மேல் இறக்கினேன். ஒருமுறைதான் விழுந்தது. திரை வெறுமையானது.

அன்று மாலை சாந்தாமணி ஜன்னலோரம் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள், வாய் அசையும். வாய் அசைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது.

புதிய படிவத்தில் எல்லாவற்றையும் மாற்றியவர்கள் ஒன்றை மாற்ற மறந்திருந்தார்கள். நிரப்பிய பதில்களின் நகல், பதிவு செய்த எண்ணுக்குத் தானாகப் போய்விடும். அது பழைய ஏற்பாடு. பதிவு செய்திருந்தது சாந்தாமணியின் எண்.

"இத யாருங்க போட்டது?"

"நான்தான்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனே சாந்தா. ஒவ்வொரு வாரமும் சொன்னேன்."

அவள் அந்த வரியை மறுபடி எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு, "நாளைக்கு வேண்டாம்னு சொல்லீருவாங்க. அது தெரியுமில்ல உங்களுக்கு?" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சேவா?" என்றாள். "என்ற அண்ணன் வண்டிய வாங்க ஆளே பாத்துட்டாருங்க. நீங்க பாட்டுக்கு ஒரு விரல வெச்சு எல்லாத்தையும் அழிச்சுப்போட்டீங்க."

"உன் கையத் தள்ளி ஒடிக்கப் பாத்தது நான்தானே."

"அது பாத்ரூம்ல…"

"சாந்தா."

அவள் அந்த மணிக்கட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ரஹீம் பாய் கட்டிலில் ஒருமுறைகூட அசையவில்லை. தூங்குகிறவர்கள் அப்படிக் கிடப்பதில்லை.

காலையில் மருத்துவர் வந்தார். கையில் அறிக்கை. என் முகத்துக்கு நேரே குனிந்து, "இல்லாத ஆளுங்க தெரியறதா போட்டிருக்கீங்க. எப்பத்துல இருந்து?" என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அவர் பழக்கப்படி சாந்தாமணியைப் பார்த்தார். கைதவறித் தொட்டிருப்பார் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மருத்துவர் நம்பியிருப்பார். கை நடுங்குகிறவன்தானே நான்.

"தெரியுதுங்க" என்றாள். "போன வருசத்துல இருந்து. சாயங்காலமானா வந்து கால்மாட்டுல உக்காந்துக்குவானாம். ஒடம்பெல்லாம் கல்லுத்தூளாம். ஒருக்கா என்னையே அவன்னு நெனச்சுத் தள்ளிவுட்டுட்டாருங்க." கையை முந்தானையிலிருந்து எடுத்து அவர் முன் நீட்டினாள். "நான்தானுங்க வாராவாரம் இல்லைன்னு போட்டேன்."

மருத்துவர் அவளைத் திட்டவில்லை. அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இப்போதைக்கு அறுவை சிகிச்சை கிடையாது, ஒரு மாத்திரையை நிறுத்தி இன்னொன்றைக் குறைத்துப் பார்க்கலாம், காட்சி முழுதாக நின்று ஞாபகமும் சரியாக இருந்தால் பிறகு யோசிக்கலாம் என்றார். 'பிறகு' என்று சொல்லும்போது அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. நாற்பட்ட நோயாளிகள் இதையெல்லாம் கவனிக்கக் கற்றுக்கொள்கிறோம்.

கிளம்புகிற அன்று ரெஜினா வந்தார். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. சாந்தாமணியிடம், "நகல் போகும்னு நான் யோசிக்கலம்மா. டாக்டர் மட்டும்தான்னு அவருக்குச் சொல்லிட்டேன். அது பொய்யாயிடுச்சு" என்றார்.

"போகுதுங்க சாமி, வுடுங்க" என்றாள் சாந்தாமணி. ரஹீம் பாய் எங்களை வழியனுப்ப எழுந்து வந்தார். வாசலில் கால் ஒட்டிக்கொண்டது. அங்கேயே நின்று கையசைத்தார்.

மாத்திரையைக் குறைத்தபின் அந்த ஆளின் வருகை குறைந்தது. இப்போது வருவதில்லை. அவனோடு வேறு சிலவும் போய்விட்டன. வலது கையால் சோறு அள்ளுவது போய்விட்டது. கட்டிலிலிருந்து நானாக எழுவது போய்விட்டது. எழுதுகிற பொழுது முன்பிருந்ததில் பாதிதான். சாந்தாமணியின் அண்ணன் வண்டியை விற்கவில்லை. வேலைக்கு வடக்கே எங்கோ கொண்டுபோயிருக்கிறார். எங்கள் வீட்டில் அறுவை சிகிச்சைப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

படிவம் வாராவாரம் வருகிறது. இப்போது நகல் வருவதில்லை, 'கிடைத்தது' என்று ஒரு வரி மட்டும் வரும். இரண்டு இணைப்புகள் வருகின்றன. ஒன்று எனக்கு. இன்னொன்று பார்த்துக்கொள்கிறவருக்கு. அதைத் திறக்கவும் தனிப்படங்கள் உண்டு. எனக்கு அவை என்னவென்று தெரியாது. போன வாரம் நான் என்னுடையதை முடித்தபின், சாந்தாமணி போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அந்தப் படிவத்தில் என்னென்ன கேட்கிறார்கள் என்று ரெஜினா ஒருமுறை பொதுவாகச் சொல்லியிருக்கிறார். தூங்குகிறீர்களா, களைப்பாக இருக்கிறதா, வீட்டில் இவருடன் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறதா?

அவள் ஒவ்வொரு பக்கமாக அமுக்குவது தோளின் அசைவில் தெரிந்தது. கடைசிக்கு முன் ஒரு பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். பிறகு அமுக்கினாள்.

"என்ன போட்டே?" என்று கேட்டேன்.

"அது எனக்கும் டாக்டருக்குமுங்க" என்றாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தம்ளரில் பாதியளவு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, என் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதைச் சுற்றி மடித்துவிட்டாள்.